இரண்டாவது கிண்ணம்

அன்புள்ள சாம்வேல்,

மாஸ்கோவில் குளிர் விட்டதா? கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். எனக்கு வேலை ஓயவில்லை. போரில் ஆர்ட்சாக் மண்ணை விட்டு ஓடிவந்த நம் ஆர்மேனியர்களின் நினைவுகளைப் பதிவு செய்து செய்து காது மரத்துப்போய்விட்டது.

நேற்று ஈஸ்டருக்கு மறுநாள், இறந்தவர்களின் நாள். ஊரே கல்லறைகளுக்குப் போயிருந்தது. போவதற்கு இங்கே கல்லறை இல்லாத அருசியாக் அக்காவைப் பேட்டி எடுக்கப் போனேன். அவளும் நம் மார்துனி ஊர்க்காரிதான். ஊரை விட்டுக் கிளம்பும்போது எடுத்த தன் அப்பாவின் கல்லறைப் படத்தைக் கைபேசியில் திறந்து ஜன்னலில் சாய்த்து வைத்து, சாம்பிராணி போட்டிருந்தாள். இரண்டு கிண்ணங்கள் புகைந்தன.

“ரெண்டு எதுக்குக்கா?”

“பக்கத்துக் கல்லறைக்கும் போடணும்ல? அங்க இருந்தப்பவும் போடுவேன். சின்னப் பையன், பாவம். பெத்தவ எங்க கெடக்குறாளோ. ஆமா, எல்லாரையும் நோண்டி நோண்டிக் கேக்குறியே, நீ யாரை விட்டுட்டு வந்தே?”

“அடுத்த கேள்விக்குப் போகலாம்” என்றேன்.

அவள் விடவில்லை. பக்கத்துக் கல்லறையைப் பெரிதாக்கிக் காட்டினாள். கறுப்புக் கல். உடைந்த மூலையில் நீ பூசிய சிமெண்ட் அப்படியே இருக்கிறது. உன் கட்டைவிரல் பதிந்த பள்ளம்கூட.

அந்தப் படத்தை என் கைபேசிக்கு அனுப்பச் சொன்னேன்.

“அடுத்த வருஷம் நீங்க ஒரு கிண்ணம் போட்டாப் போதும்க்கா.”

அவள் சாம்பிராணி டப்பாவை என் கையில் வைத்தாள்.

ஒலிப்பதிவில் அந்த இடத்தை என்னால் அழிக்கவும் முடியவில்லை, எழுத்தில் ஏற்றவும் முடியவில்லை. படம் என்னிடம் இருக்கிறது. நீ கேட்டால் அனுப்புகிறேன்.

காலுறையை வெந்நீரில் போடாதே, சுருங்கிவிடும்.

இப்படிக்கு,
நம் பையனின் அம்மா