தபால் இலாகாவுக்கு வேறு ஆள் போட்டாயிற்று, அண்ணே

கூடப் பிறக்காவிட்டாலும் கூடவே இருந்த சுந்தரம் அண்ணனுக்கு, தம்பி வேலு கும்பிட்டுச் சொல்லிக்கொள்வது.

'நலம், நலமறிய ஆவல்' என்று ஆரம்பிக்கத்தான் வாய் வருகிறது. நீங்கள் பழக்கிவிட்ட பழக்கம். மார்வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. உங்களைப் பெட்டியில் வைத்து ஊருக்கு ஏற்றி இருபத்தைந்து நாள் ஆகிறது. இனிமேல் உங்கள் நலத்துக்கு என்ன குறைச்சல்? குறை எல்லாம் எங்களுக்குத்தான்.

எனக்கு எழுத்து வாசனை கிடையாது, அப்புறம் எப்படிக் கடுதாசி என்று கேட்பீர்கள். பொறுங்கள், அதைச் சொல்லத்தான் வருகிறேன்.

ஊரில் எலெக்‌ஷன் முடிந்து புது மந்திரிசபை. காதர் பாய் சோறு வடிக்கும்போதுகூட ரேடியோவை அணைப்பதில்லை. யாருக்கு எந்த இலாகா, யாருக்குத் தகுதி இருக்கிறது, யாருக்கு இல்லை என்று ஒரே பேச்சு. இந்த அரபு தேசத்தில் கிடக்கிற நம் கேம்ப்புக்கும் நீங்கள் ஒரு மந்திரிசபை வைத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? சமையல்கார காதர் பாய் உணவு மந்திரி. தண்ணீர் லாரியை எதிர்பார்த்து ரோட்டில் நிற்கிற நான் நீர்வளத்துறை. முப்பது பேருக்கும் கடுதாசி வாசித்து, பதில் எழுதிக் கொடுத்த நீங்கள் தபால் மந்திரி. அந்த நாற்காலி காலியாகிவிட்டது, அண்ணே.

போன வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் உங்கள் ரூமில் கூடினோம். காதர் பாய்தான் பேச்சை எடுத்தார். "தமிழ் எழுத்துக் கூட்டாம வாசிக்கிறவன் கேம்ப்ல இப்ப முருகேசன் ஒருத்தன்தான். அவனையே போட்டுடலாம்" என்றார்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! "அந்தத் தடியனா? தங்கராசு காலை ஒடிச்சவனா?" என்று கத்திவிட்டேன்.

தப்பா சொன்னேன்? வியாழக்கிழமை டிரைவர் தபால் கொண்டுவந்தால் நீங்கள் உடனே பிரிக்க மாட்டீர்கள். வெள்ளிக்கிழமை குளித்து, சாப்பிட்டு, கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான். "சாப்பிட்டியா?" என்று கேட்காமல் ஒரு கடுதாசி வாசித்ததில்லை. இவன் என்ன செய்தான்? சைட்டில், டீ நேரத்தில், சாரத்துக்குக் கீழே நின்றுகொண்டே தங்கராசுவின் கடுதாசியைப் பிரித்து, அம்மா செத்த சேதியை ஒரு எழுத்து விடாமல் வாசித்தான். ஃபோர்மேன் 'யல்லா யல்லா' என்று விரட்ட, தங்கராசு அதே மனசோடு மேலே ஏறினான். இரண்டாவது மாடியில் பலகை தவறியது. கால் போனவனுக்கு இங்கே என்ன வேலை? கலாஸ், முடிந்தது கதை. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

முருகேசன் கதவோரம் நின்றிருந்தான். "எனக்கு வேணாம் பாய். அவரு சொல்றதுதான் நியாயம்" என்றான்.

"அன்னைக்கு ஏன்டா வாசிச்சே?" என்று கேட்டேன்.

"வாசிடா வாசிடான்னு கெஞ்சினாருண்ணே. நல்ல சேதியா இருக்கும்னு பிரிச்சேன். பாதியில நிறுத்தத் தெரியல. பொய்யாச் சேர்த்துச் சொல்லவும் வரல."

நீங்கள் உயிரோடு இருந்தவரை அதற்குப் பிறகு அவன் ஒரு காகிதத்தைக் கையால் தொட்டதில்லை. அது எனக்கு அப்போது தோன்றவில்லை. ஆளுக்கு ஒரு பேச்சு. 'கூறு கெட்டவன்' என்றது ஒரு கூட்டம். 'வேற யாரு இருக்கா, நீ வாசிப்பியா?' என்றது இன்னொரு கூட்டம். கடைசியில் காதர் பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வேலு, உன் சட்டைப் பையில ரெண்டு வாரமா ஒரு கடுதாசி பிரிக்காமக் கெடக்கே. அதை அவன்கிட்ட குடு. வாசிக்கட்டும். அப்புறம் நீயே சொல்லு, தகுதியா இல்லையான்னு."

நீங்கள் போன மூன்றாம் நாள் வந்தது அது. செல்லாயி போட்டது. யாரிடமும் கொடுக்க மனசு வரவில்லை. சோறு இறங்காமல், கவரை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். என் பெண்டாட்டி என்ன சொல்கிறாள் என்று தெரியாமல் எத்தனை நாள் இருக்க முடியும்?

கொடுத்தேன். அவன் பிரிக்கவில்லை. "சாப்டீங்களாண்ணே?" என்றான். எல்லார் முன்னாலும் வேண்டாம் என்று தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனான். முதலில் மனசுக்குள் வாசித்தான். முகம் சுருங்கியது. "உள்ளது உள்ளபடி வாசிக்கவாண்ணே?" என்றான். வாசி என்றேன்.

'மாமாவுக்கு இரண்டு கண்ணும் தெரியவில்லை என்று இதோடு நான்கு கடுதாசி போட்டுவிட்டேன். ஒரு வார்த்தை விசாரித்தீர்களா? உங்களுக்கு என்ன கல் மனசா? மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போகிற மனிதருக்கு மகன் இருந்து என்ன பிரயோஜனம்?'

பெட்டியில் இருந்த பழைய கடுதாசிகளை எல்லாம் கொண்டுவந்து போட்டேன். கடைசி மூன்றிலும் இருக்கிறது, அண்ணே. அப்பாவின் கண் இருக்கிறது, அவள் அழுகை இருக்கிறது. நீங்கள் எனக்கு வாசித்ததெல்லாம் 'அப்பா திடமாக இருக்கிறார், ஆடு இரண்டு குட்டி போட்டது' என்பதுதானே? ஆடு போட்ட குட்டிகூட ஒன்றுதானாம்!

என்ன அண்ணே, நீங்களா? உங்களைப் போய் அரிச்சந்திரன் என்று நினைத்தேனே!

அன்றைக்கு முழுக்க உங்களைத் திட்டினேன். உங்கள் காதில் விழுந்திருக்கும். பிறகுதான் மெல்ல மெல்லப் புரிந்தது. தங்கராசு விழுந்த பிறகு வந்த கடுதாசிகள் அவை. நான் அப்போது நாலாவது மாடியில் பூச்சு வேலை. பாஸ்போர்ட் விசா கொடுத்த முதலாளி, அந்த கஃபீல் கையில். கேட்டாலும் லீவு வராது. நான் கீழே விழக்கூடாது என்றுதான் மறைத்தீர்கள், இல்லையா? என்மேல் எவ்வளவு பிரியம் இருந்தால் இப்படி ஒரு பொய்யை மாசக்கணக்கில் தனியாகச் சுமந்திருப்பீர்கள்! ஆனால் அண்ணே, அங்கே ஒருத்தி என்னைக் கல் மனசுக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே. அதற்கு என்ன செய்வது?

மறுநாள் ஃபோர்மேனிடம் போய் அப்பாவுக்குக் கண் போனதைச் சொன்னேன். "சுட்டி மாஃபி", லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார். ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம் கிடக்கிறது. போகட்டும். அப்பாவை விசாரித்து அன்றைக்கே செல்லாயிக்குக் கடுதாசி போட்டாயிற்று. எழுதியவன் முருகேசன். இதையும் எழுதுகிறவன் அவன்தான். மேலே 'தடியன்' என்று வந்ததே, அங்கே பேனா நின்றது. "எழுதுடா, நான் சொன்னதை அப்படியே எழுது" என்றேன். சிரித்துக்கொண்டே எழுதினான், படவா.

பதவி அவனுக்குத்தான் என்று நானே கையைத் தூக்கினேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். வாசிப்பது அவன், எப்போது வாசிப்பது என்பது என் பொறுப்பு. கெட்ட சேதி என்றால் முதலில் என்னிடம் சொல்வான். கேட்கிறவன் சாப்பிட்டுக் கட்டிலில் உட்காரும்வரை நான் கூட இருப்பேன். மறைக்கிறதும் கிடையாது, சாரத்துக்குக் கீழே வாசிக்கிறதும் கிடையாது.

இன்னொன்று சொல்ல வேண்டும். அதுக்குத்தான் இந்தக் கடுதாசியே.

நேற்று டிரைவர் கொண்டுவந்த தபாலில் உங்கள் பெயருக்கு ஒன்று இருந்தது. அண்ணி போட்டது. அவருக்குச் சேதி போகும் முன்னால் தபாலில் போட்டிருக்கிறார். அது எங்கெங்கோ சுற்றி இப்போது வருகிறது. "பிரிச்சுப் பாருப்பா, ஏதாவது உதவி கேட்டிருக்கும்" என்று ஒருவர் சொன்னார். எனக்கும் அதே எண்ணம்தான். உங்களை ஒரு தடவை இன்னும் பக்கத்தில் வைத்துக்கொள்கிற மாதிரி இருக்குமே என்று ஒரு ஆசை.

முருகேசன் தலையை ஆட்டினான். "இது நமக்கு வந்தது இல்லண்ணே. அவருக்கு வந்தது. அவரு இல்லேன்னா, போட்டவங்களுக்குத்தான் சொந்தம்" என்று சொல்லிவிட்டு, கவரைத் துடைத்து என் கையில் கொடுத்தான். தகுதி இருக்கிறதா இல்லையா என்று அதற்கப்புறம் ஒருத்தரும் கேட்கவில்லை, அண்ணே.

என் பெட்டியில், வேட்டி மடிப்புக்குள் பத்திரமாக இருக்கிறது. எட்டு மாதம் கழித்து ஊருக்குப் போவேன். முதல் நாள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைத் தடவிப் பார்க்கச் சொல்வேன். மறுநாள் உங்கள் வீட்டு வாசலில் நிற்பேன். பிரிக்காமல் அண்ணி கையில் கொடுப்பேன், இது சத்தியம். ஆனால் கொடுக்கும் முன்னால் ஒரு வார்த்தை கேட்பேன்:

"சாப்டீங்களா அண்ணி?"

இப்படிக்கு,
நீங்கள் பொய் சொல்லிக் காப்பாற்றிய தம்பி
வேலு (இடது பெருவிரல் ரேகை)

சொன்னதைச் சொன்னபடி எழுதியவன்: முருகேசன்