தொட்டால் சண்டை

பிப்ரவரி 12, ஞாயிறு

கிடங்கில் எல்லாருக்கும் ஒரு டைரி கொடுத்தார்கள். அட்டையில் 'பாதுகாப்பே முதல்' என்று போட்டிருக்கிறது. ஒன்றரை மாதம் அலமாரியில் பாதுகாப்பாகத்தான் கிடந்தது. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், டிவி என் கையை விட்டுப் போய்விட்டது. மகள் ஜப்பான்காரன் வீடியோ விளையாட்டு ஒன்றை அதில் மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பதினான்கு வயது. ஆள் சிறுசு, காரம் பெருசு. அதனால் வீட்டில் பெயர் மிளகு.

"இதுல என்னம்மா பண்ணணும்?" என்று கேட்டது என் தப்பு. முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தாள்.

பச்சைப் புல்வெளி. நம் ஆள் ஓடுகிறான். பூதங்கள் அவை பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கின்றன. ஒளிந்திருக்கவில்லை, கண்ணெதிரே உலாத்துகின்றன. ஒதுங்கிப் போனால் வம்பில்லை. தொட்டால் சண்டை. தொட்டதும் திரை சுழன்று வேறு இடம் வரும், அங்கே மாறி மாறி அடித்துக்கொள்ள வேண்டும். பூதம் நம்மைப் பார்த்துவிட்டால் அதன் தலைமேல் ஒரு ஆச்சரியக்குறி, பிறகு துரத்தல். பின்பக்கமாகப் போய் நாம் தொட்டால் முதல் அடி நமக்கு. நம் முதுகில் வந்து அது தொட்டால் முதல் அடி அதற்கு.

"எங்க சூப்பர்வைசரும் இப்படித்தான்மா. என்ன, ஆச்சரியக்குறி மட்டும் கிடையாது."

சிரித்தாள். அவள் படையில் நான்கு பேர். அதில் ஒருவன் குண்டன். வேகம் கிடையாது, மூளையும் அவ்வளவுதான். மற்றவர்களுக்கு விழும் அடியை முன்னே போய் நின்று வாங்கிக்கொள்வது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்த வித்தை. அவனுக்குத் 'தொப்பை' என்று பெயர் வைத்திருக்கிறாள். யாரை நினைத்து வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. அடுப்படியில் வீட்டுக்காரி சிரித்த சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது.

பிப்ரவரி 19

நானும் ஆடிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் பதினோரு தடவை மாட்டினேன். பன்னிரண்டு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன், ஒரு ஆளை இடித்ததில்லை. இங்கே ஒரு நத்தை என்னைத் துரத்திப் பிடித்தது.

"நத்தைகிட்ட மாட்டின முதல் ஆளு நீதான்ப்பா."

"நத்தைக்கும் ஒரு காலம் வராமலா போகும்?"

மார்ச் 5, ஞாயிறு

அதிசயம். இப்போது மிளகும் மாட்டுகிறாள். அதுவும் ஓரத்திலிருந்து வருகிற சொத்தைப் பூதங்களிடம். இடது மூலையில் ஒன்று ஆச்சரியக்குறியோடு ஓடிவருகிறது, எனக்கே தெரிகிறது. அவள் நேராகப் பார்த்தபடி நடக்கிறாள். முதுகில் அடி.

"கண்ணு என்ன, பிடரியிலயா இருக்கு?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 21

மிளகு ஸ்டூலில் இடித்து விழுந்தாள். முழங்கால் வீக்கம். இந்த வாரத்தில் மூன்றாவது முறை. "தரையைப் பாத்து நட, வானத்தைப் பாக்காதே" என்று அம்மாவிடம் திட்டு வேறு.

ஏப்ரல் 16, ஞாயிறு

இதை எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

வருடா வருடம் கிடங்கில் ஓட்டுநர்களுக்குக் கண் சோதனை உண்டு. நர்ஸம்மா நேராகப் பார்க்கச் சொல்லி, காதுப்பக்கத்திலிருந்து பென்சிலை மெல்ல முன்னே கொண்டுவருவார். தெரிந்ததும் சொல்ல வேண்டும். எனக்குக் காதைத் தாண்டுவதற்குள் தெரிந்துவிடும். கிடங்கில் ஆட்கள் ஓரத்திலிருந்துதான் வருவார்கள், ஓரம் தெரியாதவனுக்கு வண்டி கிடையாது.

மிளகு ஆடிக்கொண்டிருந்தாள். விளையாட்டுக்குத்தான் — சத்தியமாக விளையாட்டுக்குத்தான் — கரண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"டிவியையே பாரு. கரண்டி தெரிஞ்சதும் சொல்லு."

காதைத் தாண்டியது. ஒன்றும் சொல்லவில்லை. கன்னத்தைத் தாண்டியது.

"கொண்டு வாப்பா, எவ்வளவு நேரம்?"

"கொண்டு வந்துட்டுதான் இருக்கேன்."

"விளையாடாதே."

"நீ விளையாடாதே!"

மூக்குக்கு நேரே வர ஒரு சாண் இருக்கும்போது "ஆ, தெரியுது" என்றாள். அந்தப் பக்கமும் பார்த்தேன். அதே கதை.

வீட்டுக்காரி வந்து கரண்டியைக் கேட்டாள். கொடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 27

கண் மருத்துவர் ஒரு தாளில் வட்டம் போட்டு ஓரத்தையெல்லாம் கறுப்பாக்கினார். நடுவில் ஒரு ரூபாய் அளவு வெள்ளை விட்டார். இப்போது இவ்வளவு தெரிகிறது, இது இன்னும் சுருங்கும் என்றார். நோயின் பெயர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. எட்டாவது படிக்கும்போதே எனக்கு அறிவியல் வராது.

மிளகுதான் கேட்டாள். "நிறுத்த முடியாதா டாக்டர்?"

"இப்போதைக்கு இதுக்கு மருந்து கிடையாதும்மா."

"கடைசில என்ன மிஞ்சும்?"

அவர் பேனாவை மூடினார். "வெளிச்சம் இருக்கா இல்லையான்னு தெரியலாம்."

எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இல்லையே என்றேன். உங்களிடம் பாதி இருந்திருக்கிறது, உங்கள் மனைவியிடம் பாதி இருந்திருக்கிறது, இரண்டும் பிள்ளையிடம் சேர்ந்துவிட்டன என்றார். பாதியாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாதாம்.

பஸ்ஸில் வீட்டுக்காரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கல்யாணமாகி பதினாறு வருஷத்துல நாம ரெண்டு பேரும் சரிபாதியா செஞ்ச ஒரே காரியம் இதுதாங்க."

அவள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். அழுதால் வேலை கெடும் என்று பழகியவள். நான்தான் அழுதேன். பின் இருக்கையில் மிளகு காதில் பாட்டை மாட்டியிருந்தாள். நல்லவேளை.

ஏப்ரல் 28

கண்ணு பிடரியிலயா இருக்கு. கண்ணு பிடரியிலயா இருக்கு. சொன்னவன் நான்தான்.

மே 14

மிளகு நாற்காலியைச் சுவர் வரைக்கும் பின்னால் நகர்த்திவிட்டாள். "கிட்ட போய் உட்காரும்மா, நல்லா தெரியும்" என்றேன், பெரிய மருத்துவர் மாதிரி.

"கிட்ட போனா நடுவுல கொஞ்சம்தான் தெரியுதுப்பா. தள்ளி வந்தா முழு டிவியும் உள்ள அடங்குது."

தள்ளிப் போனால்தான் தெரிகிறதாம். என்ன நியாயம் இது?

ஜூன் 8

ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறேன். யாருக்கும் தெரியாது.

எனக்குக் காலை ஷிப்ட். இரண்டரைக்கு வீடு. மிளகு வர நாலரை. இடையில் இரண்டு மணி நேரம் அவள் விளையாட்டை நான் ஆடுகிறேன். அவள் நிற்கிற புல்வெளியில் மேயும் பூதங்களை ஒன்று விடாமல் அடித்து முடிக்கிறேன். அந்த வெளியை விட்டுப் போய்த் திரும்பினால் மறுபடி முளைத்துவிடும், போகாமல் அங்கேயே நிறுத்திவைத்தால் முளைக்காது. அவள் வந்து ஆடும்போது வழி சுத்தம். ஓரத்திலிருந்து வந்து அடிக்க ஆள் இல்லை.

வண்டி வருவதற்கு முன் கிடங்கில் தரையைத் துப்புரவு செய்வது போலத்தான்.

ஜூன் 22

நத்தைகளைப் பழிதீர்த்தாகிவிட்டது. என் கை இவ்வளவு தேறும் என்று நினைக்கவில்லை. உடன் வேலை செய்யும் ஒட்டகம் (உயரம் அப்படி) கேட்டான். "என்னண்ணே, கட்டை விரல்ல காப்பு காச்சிருக்கு?" பெட்டி தூக்கி வந்தது என்றேன். நாங்கள் பெட்டியைக் கையால் தூக்குவதே கிடையாது.

மருத்துவமனையில் மறு சோதனை. வட்டம் இன்னும் சின்னது.

ஜூலை 9, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன்.

எனக்கு யாரும் சொல்லாத விதி ஒன்று இருந்திருக்கிறது. ஒவ்வொரு சண்டையிலும் நம் படைக்குப் பலம் ஏறும். ஏறிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பூதங்கள் துரத்துவதை விட்டுவிடும். நம்மைப் பார்த்ததும் திரும்பி ஓடும். ஒரு மாதம் தினமும் இரண்டு மணி நேரம் அடித்ததில் மிளகின் படை எங்கேயோ போய்விட்டது.

இன்று அவள் புது வெளிக்குள் நுழைந்தாள். நான் இன்னும் கைவைக்காத இடம். பூதங்கள் எல்லாம் இருந்தன. அவளைக் கண்டதும் எல்லாம் தெறித்து ஓடின. அவள் ஒன்றைத் துரத்தினாள், அது ஓரத்துக்குப் போய்விட்டது. இன்னொன்று. அதுவும் அப்படியே. பொத்தானை அழுத்திப் படையின் கணக்கைப் பார்த்தாள்.

"யாரு ஆடினது?"

நான் செய்தித்தாளைப் பிரித்தேன். தலைகீழாக.

"அப்பா. யாரு ஆடினது?"

"உனக்கு வழி சுலபமா இருக்கட்டும்னு..."

"நான் கேட்டேனா?"

"ஓரத்துல வர்றது உனக்குத் தெரியலையேன்னு..."

"தெரியலைன்னா அடி வாங்கிக்கறேன்! அடி வாங்கினா என்ன, செத்தா போயிடுவேன்?" ஆடுவதை நிறுத்திவிட்டாள். கத்தினால் பரவாயில்லை, பிறகு மெதுவாகப் பேசினாள். "இப்போ எல்லாம் என்னைப் பாத்து ஓடுது. ஸ்கூல்லயும் அதுதான். நான் வந்தா வழி விடறாங்க. பாத்து பாத்துன்னு தள்ளிப் போறாங்க. யாரும் மேல இடிக்கறதில்ல. சண்டை கூட போடறதில்ல. சண்டை போட இருந்தது இது ஒண்ணுதான்ப்பா."

வீட்டுக்காரி அடுப்படி வாசலில் நின்றாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 10

டிவி அணைந்தே இருக்கிறது.

ஜூலை 30

விளையாட்டை முன்பு நிறுத்திவைத்த பழைய சேமிப்பு எதுவும் இருந்தால் அங்கிருந்து தொடங்கலாமே என்று தேடினேன். இல்லை. நான் ஒவ்வொரு நாளும் அதன் மேலேயே சேமித்திருக்கிறேன். பாதுகாப்பே முதல்.

செப்டம்பர் 3

ஒட்டகம் தன் அண்ணன் காலத்து விளையாட்டு ஒன்று கொடுத்தான். அதில் பூதங்கள் கண்ணுக்கே தெரியாது. வெறும் வெளி. நடந்துகொண்டே இருக்கும்போது திடீரென்று சண்டை வந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது, எல்லாரும் ஒன்றுதான். எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன்.

பத்து நிமிடம் ஆடினாள். வைத்துவிட்டாள்.

"பிடிக்கலையா?"

"இதைத்தான்ப்பா நாள் பூரா வெளிய ஆடறேன்."

நவம்பர் 19

வெள்ளைக் குச்சி வந்துவிட்டது. வாங்கி வந்தவன் நான். மடக்கி மடக்கி நீட்டிக் காட்டினேன், மந்திரக்கோல் என்றேன். என் நகைச்சுவைக்கு நானே சிரித்துக்கொண்டேன், கூடச் சிரிக்க யாரும் வரவில்லை.

ஜனவரி 4

இந்த வருடம் கிடங்கில் டைரி தரவில்லை. இதிலேயே காலிப் பக்கங்கள் நிறைய. சந்தோஷமான நாட்களை எழுதாமல் விட்டேனா, எழுத அப்படி நாள் இல்லையா? தேதியை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

பிப்ரவரி 25

மிளகைக் குச்சியோடு தெருவில் கூட்டிப்போனேன். நான்கு அடி பின்னால் வரச் சொல்லியிருந்தார் பயிற்சி தருபவர். பார்த்துக்கொண்டே போனேன். குச்சியைக் கண்டதும் ஆட்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். சிலர் சாலையிலேயே இறங்கிவிட்டார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான். அவள் நடுவில் தனியாக நடந்தாள்.

யார் யார் ஒதுங்கினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தப் புல்வெளியை நான் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 11

வட்டம் இப்போது பட்டாணி அளவு என்றார் மருத்துவர். அதுவும் மங்கல். மருந்து வந்திருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவரே, இல்லை என்று சொல்லிவிட்டார்.

மே 26

"அதை யாருக்காவது குடுத்துடுங்க" என்றாள் மிளகு, டிவிப் பெட்டியின் கீழே இருக்கும் விளையாட்டைக் காட்டி. சரி என்றேன். கொடுக்கவில்லை. ஒரு துணியைப் போட்டு மூடினேன். துணி போட்டதுகூட அவளுக்குத் தெரியாது. இதற்கு முன் அவள் என்னை 'நீங்க' என்று சொன்னதே இல்லை. இன்றுதான் கவனித்தேன்.

ஜூன் 20

கிடங்கில் மின்சாரம் போய், மதியமே அனுப்பிவிட்டார்கள். நடையில் நின்று காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பள்ளி விடுமுறை என்று வீட்டில் இருந்த மிளகு அறையிலிருந்து வந்தாள். வீட்டுக்குள் குச்சி கிடையாது. சுவரை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு, உதட்டுக்குள் அடி எண்ணிக்கொண்டு வந்தாள். நான் அவளுக்கு நேர் எதிரே.

சத்தம் கொடுத்திருக்க வேண்டும். கிடங்கில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடிக்கிறவன் நான். அடிக்கவில்லை. மூச்சைக் கூடப் பிடித்துக்கொண்டேன். பார்ப்பாளா — ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்துவிடுவாளா என்று. நான் ஒன்றும் சின்ன உருவம் இல்லையே.

ஐந்து, ஆறு, ஏழு. எட்டில் என் வயிற்றில் வந்து மோதினாள்.

பயந்துவிட்டாள். பிறகு கையை வைத்துத் தடவிப் பார்த்தாள்.

"தொப்பை."

"ம்."

"ஏன் சத்தம் போடலை?"

"நீ பாக்கறியான்னு பாத்தேன்மா."

"பாக்கலை."

"சரி."

போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"தொட்டாச்சு இல்ல?" என்றாள். "யாருக்கு முதல் அடி?"

"உனக்குத்தான். நான் நின்னுட்டுதானே இருந்தேன்."

குத்தினாள். பிறகு இன்னொன்று. மூன்றாவது நிஜமாகவே வலித்தது. அதற்குப் பிறகு எண்ணவில்லை. இரண்டு கையாலும் குத்தினாள், வாயை இறுக்கிக்கொண்டு, சத்தமே இல்லாமல். ஒரு வருடத்துக்கு மேல் சேர்த்துவைத்தது. என் முறை வந்ததா என்று நான் கேட்கவில்லை. கை ஓய்ந்த பிறகு நெற்றியைச் சட்டைப் பொத்தானில் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ ஓடலையே" என்றாள்.

"இந்த உடம்பை வெச்சுக்கிட்டு எங்கம்மா ஓடறது?"

ஒரு காலில் காலணி, ஒரு காலில் இல்லை. வீட்டுக்காரி வேலை முடிந்து வந்து கதவைத் தட்டும் வரை அப்படியே நின்றோம்.