இடிக்குப் பயந்து கழற்றிய பிளக்

கார்த்திகை 10, திங்கள்.

சனிக்கிழமை இடிமழைக்குப் பயந்து, ஆய்வுகூடத்தைத் துப்புரவு செய்யும் விமலாக்கா பிரீசரின் பிளக்கைக் கழற்றியிருக்கிறார். இன்று காலை திறந்தேன். உள்ளே தண்ணீர் நின்றது.

அதற்குள் நான் உறையவைத்திருந்தது, உடற்கலம் எப்போது இரண்டாகப் பிரிய வேண்டும் என்று கட்டளையிடும் மனிதப் புரதம். பக்டீரியாவில் உருவாக்கப்பட்டு, வெளிநாட்டிலிருந்து உலர்பனியில் பொதிந்து வந்தது. என் ஆய்வு முழுக்க அந்த ஒரு சிறு குப்பிக்குள்தான் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதே தெளிந்த நீர். பிற்பகல் கலங்களில் விட்டுச் சோதித்ததில், அது எதையுமே செய்யவில்லை; உருகிக் கெட்டுப்போயிருந்தது.

"பெட்டி எரிஞ்சு போகுமெண்டுதான் கழட்டினனான் பிள்ளை. பிறகு கொழுவ மறந்துபோனன். ஏதும் பழுதாப் போச்சோ?" என்று விமலாக்கா கேட்டார்.

"ஒண்டுமில்லையக்கா" என்றேன்.

என் ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இன்னொண்டு எடுப்பிக்க வழியில்லை. வேறை தலைப்பு யோசியும்" என்று மட்டும் சொன்னார். இத்தனை வருடம் இதைத் தவிர வேறு எதை யோசித்தேன்?

அழுகையும் வரவில்லை. கோபப்படவும் ஆளில்லை.

மறுபடி இடிக்கத் தொடங்கிவிட்டது. எழுதுவதை நிறுத்தி, எழுந்துபோய், எங்கள் வீட்டு பிரிட்ஜின் பிளக்கைக் கழற்றிவிட்டு வந்திருக்கிறேன். கழற்றிய பிறகுதான், பிளக்கைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன்.