பலகையில் இல்லாததை நீ சொன்ன நாள்

மச்சான்,

நேற்று மத்தியானம் வேலையிடத்தில் உன் நினைவு வந்தது. நான் இப்போது நொஷாட்டலில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். சாப்பாடு முடிந்த பிறகு, வாசலடி வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவருக்குக் கோப்பி கொண்டு போனேன். அவர் மடியில் ஒரு தோல் பை. அதைத் திறந்து, பைப்புக்குள் புகையிலையை விரலால் அடைத்துக்கொண்டிருந்தார். மணம் வந்தது. பற்றவைத்த பிறகு வருகிற நாற்றம் இல்லை. பற்றவைக்காத இலையின் ஈர மணம், வைக்கோலும் முந்திரிகைப்பழ வற்றலும் கலந்தது மாதிரி. நீயும் நானும் பதினேழு வருடம் உடுப்பில் வீட்டுக்குக் கொண்டுபோன மணம்.

"சுகம்தானே?" என்று கிழவர் பிரெஞ்சில் கேட்டார். கோப்பையை நான் இன்னும் கையிலேயே வைத்திருந்தேன்.

நாங்கள் அந்தத் தொழிற்சாலைக்குப் போனது உன்னால்தான். இதே சுவிஸில், ஃப்ரிபூர்க்கில் ஒரு ரெஸ்டோரண்டில் இரண்டு பேரும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் நீ பேப்பரில் கத்தரித்த விளம்பரத்தோடு வந்தாய். "சிகரெட் பக்டரியாம். இங்கிலிஸ்காரரின்ர பெரிய கம்பனி. வா போவம், இந்தக் கை ஊறி ஊறித் தோல் கழண்டு போச்சு" என்றாய். உன்னுடைய பிரெஞ்சால் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. நீ சிகரெட் சுற்றும் மிசினுக்குப் போனாய். என்னை இலை அறையில் விட்டார்கள். எங்கெங்கோ விளைந்த இலை பெட்டி பெட்டியாக இறுக்கி வரும். அதற்கு நீராவி பிடித்து, இளக்கி, வெட்டுவதற்கு அனுப்ப வேண்டும். அந்த அறைக்கு ஐம்பது பிரெஞ்சுச் சொல் போதும். கதைப்பதில் நானும் அந்த ஐம்பதோடு நின்றுவிட்டேன், காதால் கேட்பது மட்டும் வருடம் போகப் போக விளங்கியது.

மாதம் ஒரு முறை ஆளுக்குச் சில கட்டு சிகரெட் இலவசமாகத் தருவார்கள். எனக்குப் பழக்கமில்லை. என் பங்கை உன்னிடம் தந்தேன். முதல் மாதம் நீ வேண்டாம் என்றாய். "நான் நாளைக்கு மூண்டு நாலுதானடா பத்துறது" என்றாய். "வைச்சிரு, ஆரும் வந்தால் குடு" என்றேன். அதற்குப் பிறகு நீயும் மறுக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நண்பனுக்கு ஒரு நன்மை செய்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். மூன்று நாலு எப்போது ஒரு பெட்டியானது, ஒரு பெட்டி எப்போது இரண்டானது என்று எனக்குத் தெரியாது. கணக்குப் பார்க்க வேண்டிய தேவை உனக்கு இல்லை. அது என் கையாலேயே வந்துகொண்டிருந்தது.

பிறகு கம்பனியின் ஆண்டு விழா வந்தது. சாப்பாட்டு மண்டபத்துச் சுவர் நெடுகக் கம்பனியின் வரலாற்றைப் படமும் எழுத்துமாகப் பெரிய பலகைகளில் மாட்டினார்கள். ஒரு சனிக்கிழமை தொழிலாளர்களின் குடும்பங்களும் ஊர்ச்சனங்களும் வந்து பார்க்கலாம் என்றார்கள். வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல உன்னைத் தெரிவு செய்தார் வேலையாட்களின் விஷயம் பார்க்கிற ஆளணிப் பகுதிப் பொறுப்பாளர் அம்மா. பிரெஞ்சும் இங்கிலிஸும் தெரிந்த, சிரித்துக் கதைக்கக்கூடிய ஆள் நீதான். உனக்குப் பெருமை. மறைக்காதே, இருந்தது. ஒரு தடித்த புத்தகம் தந்தார்கள். இரண்டு கிழமை அதை ரயிலில் படித்தாய், படித்ததை எனக்குச் சொன்னாய்.

"மச்சான், இந்த ராச்சியம் ஒரு சின்னக் கடையில தொடங்கினதடா. இங்கிலாந்தில ஒரு தெரு. ஒரு மனுசன் பைப்புத் தூளும் மூக்குத்தூளும் வித்தவன். மகன்மாரின்ர காலத்தில சிகரெட். அறை நிறையப் பொம்பிளையள் இருந்து கையால சுத்திறது. பிறகு மிசின் வந்திது. அவ்வளவு பேரும் ஒரு நாள் முழுக்கச் சுத்தினதை மிசின் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில சுத்திப் போட்டுது. இப்ப என்ன பிரச்சினை, சொல்லு பாப்பம்?"

"பொம்பிளையளுக்கு வேலை போச்சு."

"அது அந்தப் பொம்பிளையளின்ர பிரச்சினை. கம்பனியின்ர பிரச்சினை வேற. சிகரெட் மலை மாதிரிக் குவிஞ்சு போச்சு, குடிக்க ஆள் காணாது. அந்த ஆளைத் தேடித்தான் உலகம் முழுக்கக் கப்பல் ஏறினவை."

எதிரில் இருந்த சுவிஸ்காரி எங்களைப் பார்த்தாள். நீ குரலைக் குறைக்கவில்லை. அமெரிக்கக் கம்பனியும் இங்கிலாந்துக் கம்பனியும் ஒன்றையொன்று விழுத்த விலையைக் குறைத்துக் குறைத்து அடிபட்டதைச் சொன்னாய். இரண்டும் களைத்த பிறகு, "உன்ர நாட்டுக்கு நான் வரேல்லை, என்ர நாட்டுக்கு நீ வராதை, மிச்ச உலகத்தைச் சேர்ந்து பாப்பம்" என்று காணி பிரிக்கிறது போலப் பிரித்ததைச் சொன்னாய். போன இடமெல்லாம் கமக்காரருக்கு விதை கொடுத்து, இலை வாங்கி, அங்கேயே தொழிற்சாலை கட்டியதைச் சொன்னாய். "சந்தையிலயும் திருவிழாவிலயும் முதல்ல சும்மா குடுத்தவையாம். சும்மா குடுத்தால் ஆர் வேண்டாம் எண்டிறது?" என்றாய். சண்டைக்குப் போன பெடியன்களுக்குச் சாப்பாட்டுப் பொதியோடு சிகரெட் போனது. உயிரோடு திரும்பியவர்கள் பழக்கத்தோடு திரும்பினார்கள். வளர்ந்த கம்பனி மற்றக் கம்பனிகளை வாங்கியது. இன்சூரன்ஸ் வாங்கியது, பேப்பர் ஆலை வாங்கியது, பிறகு அவற்றை விற்றுவிட்டுத் திரும்பவும் புகையிலைக்கே வந்தது. கடைசியில், ஒரு சுவிஸ் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த எங்கள் தொழிற்சாலையையும் வாங்கியது.

"நடுவில டொக்டர்மார் இது ஆளைக் கொல்லுது எண்டு சொல்லத் தொடங்கிச்சினமே, அந்த இடத்தில பலகையில என்ன எழுதிக் கிடக்குத் தெரியுமோ?" என்று கேட்டாய். "‘சவால்களின் காலம்.’ அவ்வளவுதான்." சிரித்தாய், சிரிப்பு இருமலாக மாறியது. அடுத்த ஸ்டேசன் வரும்வரை இருமினாய்.

அந்தச் சனிக்கிழமை நீ வெள்ளைச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையும் போட்டிருந்தாய். என் மனைவி பிள்ளைகளோடு வந்திருந்தாள். அவர்களைக் கேக் வாங்க அனுப்பிவிட்டு, உன் கூட்டத்தோடு நானும் ஒட்டிக்கொண்டு பலகை பலகையாக வந்தேன். நீ கதைத்த அழகில் சனம் சிரித்தது, கைதட்டியது. கடைசிப் பலகைக்கு வந்ததும் ஒரு வயதான சுவிஸ் அம்மா கேட்டார். சத்தமாக இல்லை, ஒரு கடையில் சாமான் எங்கே என்று கேட்கிற மாதிரி.

"என் கணவர் இங்கே உங்கள் மிசினில்தான் வேலை செய்தார். நுரையீரல் நோயால் போய்விட்டார். அவருடைய படத்தை எந்தப் பலகையில் பார்க்கலாம்?"

பலகைகளை ஒரு முறை திரும்பிப் பார்த்தாய். பிறகு அந்த அம்மாவுக்குக் கிட்டப் போய்ச் சொன்னாய்.

"மதாம், உங்கள் கணவர் இந்தப் பலகைகளில் இல்லை. சாவு இந்தப் பலகைகளில் இல்லை. ஆனால் இந்தக் கம்பனி வளர்ந்தது அதோடு சேர்ந்துதான்."

அவர் உன் கையைப் பிடித்தார். யாரும் கைதட்டவில்லை. கூட்டத்தின் பின்னால் பொறுப்பாளர் அம்மா நின்றதை நான் கண்டேன். நீ காணவில்லை.

திங்கட்கிழமை முதலில் உன்னைக் கூப்பிட்டார்கள். நீ சொன்னது தவறு என்று எழுதி ஒரு கடிதம் ஆயத்தமாக இருந்ததாம். "எது பிழை எண்டு காட்டுங்கோ, இப்பவே கையெழுத்து வைக்கிறன்" என்றாயாம். காட்ட முடியவில்லை. வேறு ஆட்களிடம் விசாரிப்போம் என்றார்கள். அடுத்ததாக என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்த அம்மா என்னைக் கதிரையில் இருத்தி மரியாதையாகத்தான் கேட்டார். நீங்கள் அந்தக் கூட்டத்தில் நின்றீர்கள்தானே, அவர் சரியாக என்ன சொன்னார், அந்தப் பெண்மணி கேட்ட பிறகா சொன்னார், தானாகவா சொன்னார்? கேட்டதற்குத்தான் சொன்னான் என்று நான் சொல்லியிருந்தால் உனக்கு உதவியாக இருந்திருக்கும். ஆனால் என் குடியுரிமை விண்ணப்பம் அப்போது கொம்யூனில், ஊராட்சி அலுவலகத்தில், கிடந்தது. வேலை போனால் அதுவும் போகும் என்று பயந்தேன்.

"எனக்குப் பிரெஞ்சு சரியாக விளங்காது, மதாம். நான் ஒன்றும் கேட்கவில்லை" என்றேன். அந்தப் பொய்யைப் பிழையில்லாத பிரெஞ்சில் சொன்னேன்.

நான் ஒன்றும் கேட்கவில்லை என்றதையும் சொல்லி, உனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். மிசினிலிருந்து எடுத்து, பெட்டி அடுக்கும் பகுதிக்கு அனுப்பினார்கள். அன்று ரயிலில் நான் யன்னல் பக்கம் திரும்பி இருந்தேன். நீதான் கதையைத் தொடங்கினாய்.

"நீ கேட்டனி எண்டு எனக்குத் தெரியும்."

நான் உன் பக்கம் திரும்பினேன்.

"உனக்கு ரெண்டு பிள்ளையள். விடு. எனக்கு ஒரு உதவி செய். இனி உன்ர பங்கை எனக்குத் தராதை. அந்த மனுசி என்ர கையைப் பிடிச்சாப்பிறகு பத்த ஏலாமல் கிடக்கு."

மூன்று மாதம் விட்டிருந்தாய். உடம்பு கொஞ்சம் வைத்தது, படியேறும்போது நின்று மூச்செடுப்பதும் குறைந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். உள்ளே வரவில்லை. "இருக்கோ?" என்று மட்டும் கேட்டாய். இருந்தது. அலுமாரிக்கு மேலே மூன்று மாதப் பங்கும் அப்படியே இருந்தது. நான் எறிந்திருக்கலாம், இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். உன்னை ஒரு முறை கைவிட்டவனுக்கு, இன்னொரு முறை உனக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எடுத்துத் தந்தேன். நீ என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனாய்.

சில வருடங்களில் கம்பனி தொழிற்சாலையை மூடியது. செலவு குறைந்த நாட்டுக்கு மிசின்களைக் கொண்டுபோனார்கள். நான் இந்தச் சமையலறைக்கு வந்தேன். நீ வேறு வேலை தேடுவதற்கு முன்னமே நோய் உன்னைத் தேடி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு மாலை, உன் மனைவி வெளியே போயிருந்த நேரம், அவ்வளவையும் உன்னிடம் கொட்டினேன். அலுமாரிக்கு மேலே இருந்ததையும், அந்த அறையில் சொன்ன பொய்யையும். "உன்னை நான்தான் கொண்டு வந்து இதில விட்டனான்" என்றேன்.

ஒக்சிசன் குழாயோடு நீ சிரித்தாய்.

"இவ்வளவு பெரிய கம்பனி இவ்வளவு காலமாப் பாடுபட்டு வளந்திருக்கு. நீ முழுப் பேரையும் உன்ர தலையில போடப் பாக்கிறாய். நீ தராட்டில் நான் கடையில வாங்கியிருப்பன். அதை விடு." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாய்: "மற்றது அப்பிடியில்லை. இனி ஆரும் கேட்டால், கேட்டனான் எண்டு சொல்லு."

பிறகு பத்து நாள்தான் இருந்தாய்.

யாரும் கேட்கவில்லை. இரண்டு வருடம் யாருமே கேட்கவில்லை. போன மாதம்தான் கொம்யூனிலிருந்து ஒரு இளம் பெண் போன் எடுத்தாள். பழைய தொழிற்சாலையில் வேலை செய்தவர்களின் நினைவுகளைக் குரலில் பதிந்து வைக்கிறார்களாம். போனேன். இலை அறையைப் பற்றிக் கேட்டாள், சொன்னேன். ஆண்டு விழாவைப் பற்றிக் கேட்டாள். "அன்றைக்கு ஒரு தொழிலாளி ஏதோ சொல்லிப் பிரச்சினையானதாம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்கிறார்கள். உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும். நான் கேட்டேன்" என்றேன். முதலில் அந்த அம்மாவின் கேள்வியைச் சொன்னேன். பிறகு உன்னுடைய மூன்று வசனங்களையும் சொன்னேன். இத்தனை வருடமாக வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தவைதான், தடக்கவில்லை. உன் பெயரையும் முழுமையாகச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். "நீங்கள் அப்போது எங்கே நின்றீர்கள்?" என்று கேட்டாள். "அவனுக்குப் பக்கத்தில்" என்றேன். விசாரணையில் பொய் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். பதியும் கருவியை நிறுத்தவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அந்தப் பதிவின் பிரதி ஒன்றை வாங்கி உன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். உன் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். உன் மகள் ஓரிடத்தில் நிறுத்தி, திரும்பப் போட்டுக் கேட்டாள்.

"மாமா, இதில சின்னப் பிழை ஒண்டு. சாவு எண்டதுக்கு ‘லா மோர்’ எண்டு சொல்ல வேணும். நீங்கள் ‘லு மோர்’ எண்டு சொல்லிப் போட்டியள். அப்பிடியெண்டால் இறந்தவன் எண்டு கருத்து வரும். ‘இறந்தவன் இந்தப் பலகைகளில் இல்லை’ எண்டு வருது. நான் போன் பண்ணி மாத்தச் சொல்லட்டோ?"

வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.