புளித்த தண்ணீருக்கு ஒரு கிணறு

இன்று காலை தெமியாங் முச்சந்தியில் உறைந்த ரப்பர்க் கட்டிப்பால் ஏற்றிய லாரி ஒன்று எனக்கு முன்னால் நின்றது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் பொத்தவில்லை. கோலா பிலா பக்கத்து நம் ரப்பர் தோட்டமும், பால் ஸ்டோரில் முழங்கால்வரை நனைந்து நிற்கும் நீயும் அந்த நாற்றத்தோடு வந்துவிட்டீர்கள். நீ ஊரில் இறந்துபோனாய் என்று உன் தங்கை எழுதி எத்தனையோ மாதமாகிறது. இன்றைக்குத்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். ரப்பர்ப்பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைத்தபின் மிஞ்சும் தண்ணீர் அதுவரை கால்வாய் வழியே ஆற்றுக்குப் போனது. அதே வழியாகக் காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கடத்துவோம் என்று கால்வாயை அடைத்துவிட்டார்கள். ஸ்டோருக்குப் பின்னால் சும்மா கிடந்த பழைய கிணற்றில் தண்ணீரை விடச் சொன்னான் தோட்டத்துத் துரை. பாலில் கலக்கிற தண்ணீர் கிணற்றிலிருந்து வந்ததுதானே, கிணற்றுக்கே போகட்டும் என்று ஒரு சிரிப்பு வேறு.

நீ சிரிக்கவில்லை. மூங்கில் கழியில் வெட்டுப் போட்டுக் கிணற்றில் இறக்கினாய். தண்ணீர் ஒரு வெட்டு இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று தினமும் பார்த்தாய். உனக்கு எழுதத் தெரியாது. ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த நான், நீ சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினேன். முதல் வாரம் ஒரு பீடி முடிவதற்குள் இறங்கியது. அடுத்த மாதம் பாதி நாள் ஆனது.

"தண்ணியில மிச்சமிருக்கிற பாலுதான்டா அடைக்குது. மணல்ல தோலு மாதிரி படியுது. இப்படியே ஊத்துனா தீபாவளிக்குள்ள கெணறு வாய மூடிக்கும்லா" என்றாய். முதலில் தொட்டியில் தேக்கி, சரளையிலும் மணலிலும் வடிகட்டி விட்டால் போதும் என்றாய். அதைத் துரையிடம் இங்கிலீஷில் சொல்லவேண்டியவன் நான். அரைகுறையாகச் சொன்னேன். பம்ப் வைத்து அழுத்து என்றான்.

"அழுத்துனா அது வேற வழி பாத்துக்கும். பத்து நாள்ல நம்ம குடிக்கிற கெணத்துக்கு வந்துரும். இதையும் எழுதிக்கோ" என்றாய். எழுதினேன். துரையிடம் கொண்டுபோகவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறென்ன.

பம்ப் ஓடத் தொடங்கியபின் பத்தாம் நாள் வரைகூடப் பொறுக்கவில்லை. குடிதண்ணீர்க் கிணற்றில் வாளி இறக்கிய பெண்கள் முகர்ந்து பார்த்துவிட்டுக் கொட்டினார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. உன் மகளும் சுருண்டு படுத்தாள். எவனோ விஷம் கலந்துவிட்டான் என்றான் துரை. போலீஸ் வீடு வீடாகப் புகுந்தது. உன் வீட்டில் கழியும் நோட்டும் அகப்பட்டன. எந்தக் கிணறு, எத்தனை நாள் என்று எல்லாம் அதில் இருந்தது. முன்கூட்டியே எப்படித் தெரியும் என்பதுதான் அவர்களுக்குக் குற்றம். பெற்ற மகளுக்கே ஒருவன் விஷம் வைப்பானா என்று கேட்க எனக்கு இங்கிலீஷ் இருந்தது. கேட்கவில்லை.

மொழிபெயர்க்க என்னைத்தான் நிறுத்தினார்கள். இதை எழுதியது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டான். என் கையெழுத்தைப் பற்றிய கேள்வியை நானே தமிழில் உன்னிடம் கேட்டேன். நீ என் முகத்தையே பார்த்தாய்.

"நான்தான்னு சொல்லுடா."

சொன்னேன். உனக்கு எழுதத் தெரியாது என்று அங்கே நின்ற லயத்துச் சனம் அத்தனைக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களை நான் குறை சொல்ல முடியுமா?

உன்னை அடைத்துவைத்து, பிறகு ஊருக்கே கப்பலேற்றினார்கள். அதன்பின் துரை தொட்டி கட்டி, சரளையும் மணலும் போட்டான். பழைய கிணற்றைத் தூர்வாரியதும் நீ சொன்னபடியே அது அடங்கிக் குடித்தது. தன் சொந்த யோசனை என்று அவன் மேலிடத்துக்கு எழுதினான். அதை டைப் அடித்துக் கொடுத்தவனும் நான்தான்.

இந்த மடலும் அதே கையெழுத்தில்தான் இருக்கிறது. எழுதியது யார் என்று கேட்டால் இன்றைக்குச் சொல்லிவிடுவேன். கேட்கத்தான் யாரும் இல்லை.