அக்கா வேண்டுமென்றே சொன்ன பிழைகள்

அனுப்புநர்:
இளைய உதவியாளர்,
துணி மடிப்பு அறை, சலவைப் பிரிவு,
பொது மருத்துவமனை.

பெறுநர்:
உயர்திரு நிர்வாக அலுவலர் அவர்கள்,
நிர்வாக அலுவலகம், மேல்தளம்,
பொது மருத்துவமனை.

பொருள்: வரவேற்பு மேசை எழுத்தர் பணிக்கான ஆங்கிலத் தேர்வு – சலவைப் பிரிவிலிருந்து தவறான நபர் பரிந்துரைக்கப்பட்டது – அந்தத் தவறான நபர் நானே என்பது – பட்டியலைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ஆய்வாளர் அவர்களின் அறிக்கையும், அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட பெயர்ப் பட்டியலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

பட்டியலில் பெயர் வரவில்லை என்று மனு கொடுப்பவர்களைத் தாங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். என் பெயர் வந்துவிட்டது என்பதே என் புகார். படபடப்பில் எழுதுகிறேன். சொற்கள் முன்பின்னாக விழுந்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. மடிப்பு அறையில் நானும் அக்காவும் ஜோடியாக வேலை செய்கிறோம். அக்கா என்பது மரியாதைக்குச் சொல்வதல்ல. அவர் என் கணவரின் அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. ஒரே வீடு, ஒரே சமையலறை, வேலைக்கு வருவதும் ஒரே பேருந்தில். ஓரகத்திகள் ஒத்துப்போகிறார்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். தாங்கள் நம்ப வேண்டுகிறேன். அடுப்பைப் பற்றி நாங்களும் சண்டை போட்டுக்கொள்வதுண்டு. அது இம்மனுவுக்குத் தொடர்பற்றது.

2. மேற்படி தேர்வுக்கு ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவரைத்தான் அனுப்புவார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. வாக்கியத்தில் ஒரு சொற்றொடரின் கீழ் கோடு போட்டிருப்பார்கள். அது பிழையானால் திருத்த வேண்டும், சரியானால் திருத்தம் வேண்டாம் என்று எழுத வேண்டும். வீட்டில் புத்தகத்தைப் பிரித்தாலே பால் பொங்கும், பிள்ளை அழும், மாமனார் மருந்து கேட்பார். ஆகவே நாங்கள் இருவரும் வேலையோடு வேலையாகத் தேர்வுக்குப் படிக்க அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார்.

3. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து படுக்கை விரிப்புகள் சூடாக வந்து விழும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, இழுத்து உதறி, ஒருவரையொருவர் நோக்கி நடந்து வந்து முனைகளைச் சேர்ப்போம். நடக்கத் தொடங்கும்போது அக்கா ஒரு பிழையான வாக்கியம் சொல்வார். முனைகள் சேர்வதற்குள் பிழையான சொற்றொடரை மட்டும் நான் திருத்திச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விரிப்பை மறுபடி பிரித்து முதலிலிருந்து நடக்க வேண்டும்.

"பேஷண்ட்ஸ் இஸ் வெயிட்டிங் அவுட்சைட்" என்பார். நான் "ஆர் வெயிட்டிங்!" என்று கத்துவேன். ஐயா, விடை சட்டென்று வாயில் வந்து விழும்போது ஏற்படும் சந்தோஷத்தை அலுவல் மொழியில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. குதிப்பேன் என்றே எழுதுகிறேன். ஒருமுறை இயந்திரம் ஓட்டுகிறவர் ஓடிவந்து, "என்னம்மா, துணிக்குள்ள பாம்பு கீம்பு இருக்கா?" என்று கேட்டார்.

சில நேரம் அக்கா முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் முழுக்கச் சரியான வாக்கியத்தைச் சொல்வார். நான் அவசரப்பட்டு அதையும் திருத்திவிடுவேன். உடனே அவர், "நல்லா இருந்ததக் கெடுத்துட்டியேடி!" என்று மடித்து வைத்த விரிப்புகள் மேலேயே உட்கார்ந்து சிரிப்பார். அப்படி உட்கார்ந்தது விதிமீறல்தான். அதற்குத் தனியாக மன்னிப்புக் கோருகிறோம்.

4. கேட்பது ஏன் எப்போதும் அக்கா என்று தாங்கள் வினவலாம். நான் கேட்டால் ஆட்டமே இல்லை, ஐயா. நான் வாயை மூடுவதற்குள் விடை வந்துவிடும். அவர் சொன்ன பிழைகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை, அவரே யோசித்தவை. எனக்கு எங்கே வழுக்கும் என்று பார்த்து அந்த இடத்திலேயே எண்ணெய் ஊற்றுவார். சரியானது எதுவென்று துல்லியமாகத் தெரியாமல் அப்படிப் பிழை செய்ய முடியாது.

5. தேர்வுக்கு ஆளைப் பரிந்துரைக்க ஆய்வாளர் அவர்கள் எங்கள் பிரிவுக்கு வந்த அன்று தாழ்வாரத்திலேயே நின்றிருக்கிறார். விரிப்பு மறைத்ததால் நாங்கள் பார்க்கவில்லை. அக்கா உரத்த குரலில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிழை சொன்னதையும், நான் திருத்தியதையும் கேட்டுவிட்டுப் போய் இவ்வாறு எழுதியுள்ளார்: "மூத்த உதவியாளருக்கு ஆங்கிலத்தில் அடிப்படையே இல்லை. வாய் திறந்தாலே பிழை. இளையவர் சலிக்காமல் திருத்திக் கற்பிக்கிறார். அவரையே பரிந்துரைக்கிறேன்." அவர் காதில் விழுந்ததைத்தான் எழுதினார், வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் ஒரு வார்த்தை உள்ளே வந்து கேட்டிருக்கலாமே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

6. மேற்பார்வையாளர் அம்மா இதை வாசித்தபோது அறையே சிரித்தது. எல்லோரையும்விட அக்காதான் அதிகம் சிரித்தார். "இவ்வளவு நல்லா நடிச்சிருக்கேன், ஒரு கப்பாவது குடுத்திருக்கலாம்" என்றார். நான் மேற்பார்வையாளரிடம் உண்மையைச் சொன்னேன். "மேல போயிடுச்சும்மா, இனிமே என் கையில ஒண்ணும் இல்ல" என்று அவர் கைவிரித்துவிட்டார்.

7. என் கணவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நானும் பெயரைப் பார்த்ததும் துள்ளத்தான் செய்தேன், பொய் சொல்ல மாட்டேன். அன்று மாலை சமையலறைக்குள் போனபோது, கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை எடுத்து அக்கா மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "நீ போய் நல்லா எழுதுடி. நான் அடுத்த தடவை பாத்துக்கறேன்" என்றார். ஐயா, அவருக்கு அடுத்த தடவை கிடையாது. விதிப்படி இதுவே அவர் வயதுக்குக் கடைசித் தேர்வு. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

8. ஆகவே பணிவுடன் கோருவது:

அ. அக்காவைப் பற்றிய குறிப்பை அறிக்கையிலிருந்து நீக்க வேண்டும்.

ஆ. பட்டியலில் என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைச் சேர்க்க வேண்டும். எனக்கு வயது இருக்கிறது, அடுத்த முறை எழுதிக்கொள்கிறேன்.

இ. ஐயம் இருந்தால் அக்காவைத் தங்கள் அறைக்கு அழைக்கலாம். விரிப்பை நானே கொண்டுவருகிறேன். இரண்டு முனையைத் தாங்களே பிடித்துக்கொண்டு, தங்களுக்குத் தெரிந்த மிகக் கடினமான பிழையைச் சொல்லிப் பாருங்கள். தாங்கள் ஓரடி எடுத்து வைப்பதற்குள் விடை வந்துவிடும். பார்க்க வேண்டிய காட்சி, ஐயா! ஆய்வாளர் அவர்களும் உடனிருந்தால் மிக்க மகிழ்ச்சி.

9. இம்மனு அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தால் கிழித்துவிடுவார். பட்டியல் ஒட்டிய மறுநாளே அவர் விரிப்பின் முனைகளைப் பிடித்துக்கொண்டு, நான் தேற வேண்டுமென்று எனக்கு வாக்கியம் சொல்லத் தொடங்கிவிட்டார். முன்பைவிடக் கடினமாகச் சொல்கிறார். ஆனால் யார் காதிலும் விழாதபடி, என் அருகில் வந்தபிறகு, மெதுவாகச் சொல்கிறார். இப்போது விடை தெரிந்தாலும் நான் குதிப்பதில்லை, ஐயா. என் பெயர் இருக்கும் இடத்தில் அவர் பெயரை எழுதி ஆணையிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
இளைய உதவியாளர்

இடம்: துணி மடிப்பு அறை
நாள்: வெள்ளிக்கிழமை, பெயர்ப் பட்டியல் உறுதியாவதற்கு முன்