நன்றி அறிவிப்பு

பெங்களூர்
3.9.1993

அன்புள்ள அக்காவுக்கு,

ஜூட் எழுதுகிறேன். நைட் டூட்டி முடிந்து வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிடாதே. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், அப்புறம் மறந்துபோவேன்.

மைசூரில் விமானப்படைத் தேர்வு முடிந்தது. பைலட்டுக்கு என்று தனியாக ஒரு மெஷின் பரீட்சை வைத்தார்கள். கையில் ஒரு பிடி, காலில் இரண்டு பெடல், எதிரே திரையில் ஓடுகிற ஒரு புள்ளி. அதைச் சதுரத்தை விட்டு ஓடாமல் பிடித்து வைக்க வேண்டும். ஆயுசுக்கு ஒரு தடவைதான் உட்கார விடுவார்கள், தவறினால் மறுபடி கிடையாது. இருபத்திரண்டு பேரில் தேறியவர்கள் மூன்று பேர். அதில் ஒருவன் விழுப்புரம் ரயில்வே பாயின்ட்ஸ்மேன் மகன், உன் தம்பிதான்.

இப்போது பெங்களூரில் மெடிக்கல். கால் நீளம், உட்கார்ந்த உயரம், பல், காது, கண் எல்லாம் பார்த்தார்கள். மாட்டுச் சந்தையில்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள். தலையெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்கவைத்தார்கள். கோளாறு ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது.

அதற்கு முன் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா என்று ஒரு கேள்வி. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்பது வயதில் ஒரு தடவை, பதினொன்றில் ஒரு தடவை. அதோடு சரி. மாத்திரையை நிறுத்தியே எட்டு வருஷம் ஆகிறது. அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. இது தெரிந்தவள் நீ ஒருத்திதான். உண்டு என்று எழுதியிருந்தால் அங்கேயே வாசலைக் காட்டியிருப்பார்கள். கோபித்துக்கொள்ளாதே அக்கா.

உன் தம்பி
ஜூட்


சேசு மரி சூசை

திண்டிவனம்
12.9.1993

என் தம்பி ஜூட்டுக்கு,

உன் கடிதம் வந்த அன்று வார்டில் ஆறு பிரசவம். மறுநாள்தான் பிரித்தேன். பாஸ் என்ற இடத்தை இரண்டு தரம் படித்தேன். ஃபாரம் என்ற இடத்தை எத்தனை தரம் படித்தேன் என்று தெரியவில்லை.

நான் நர்ஸ். நோயை மறைத்துச் சொல்கிற சனங்களிடம் தினமும் கத்துகிறவள். உன்னிடம் கத்த முடியவில்லை, அலுப்பாக இருக்கிறது. நீ குவார்ட்டர்ஸ் வாசலில் விழுந்தபோது உன் பல்லுக்கு நடுவில் விரலை விட்டேன். நர்சிங் படித்துக்கொண்டிருந்தவள் செய்யக் கூடாத காரியம். தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனால் பத்து வருஷமாக வரவில்லை என்பதும் உண்மைதான். டாக்டர்களே ஒன்றும் இல்லை என்கிறபோது நான் யார் சொல்ல?

அப்பா வேலையை உனக்குக் கொடுக்க ரயில்வேயில் ஃபைல் தயாராக இருக்கிறது. அங்கே ஃபைல் பார்க்கிற கோதண்டபாணி சார் என்னைப் பார்க்கிறபோதெல்லாம், "பையன் வந்து ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சிது. ஏம்மா இன்னும் இழுத்துக்கினு இருக்கீங்க?" என்கிறார். தம்பி ஆகாயத்தில் போகப் போகிறான் சார் என்றேன். சிரிக்கிறார்.

அம்மாவின் வேண்டுதல் ஒன்று பாக்கி இருக்கிறது. நீ குணமாகி ஒரு வேலையில் உட்கார்ந்தால், மாதா கோயில் மாத இதழில் உன் போட்டோ போட்டு நன்றி அறிவிப்பதாக நேர்ந்துகொண்டாள். முதலில் சேர். அதைப் பிறகு பார்க்கலாம்.

அன்புடன்
அக்கா இருதயமேரி


விமானப்படை அகாடமி
ஐதராபாத்
21.8.1994

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று தனியாகப் பறந்தேன்.

எட்டு மாதமாக ஓட்டமும் தண்டனையும்தான் எழுதிக்கொண்டிருந்தேன், நீயும் சலித்திருப்பாய். பதினான்கு மணி நேரம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே கற்றுக்கொடுத்தவர், நேற்று ஓடுபாதை ஓரத்தில் இறங்கிக் கதவை மூடினார். "போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வா" என்றார், அவ்வளவுதான். அவர் எடை இல்லாததால் விமானம் சீக்கிரமே தரையை விட்டது. மேலே போன பிறகு பக்கத்தில் பார்த்தேன். காலி சீட், கட்டிவைத்த பெல்ட். வாய்விட்டுச் சிரித்தேன் அக்கா. அப்பா போனதிலிருந்து நான் அப்படிச் சிரித்ததே இல்லை. இனி வேறு எந்த வேலையும் என்னால் செய்ய முடியாது என்று அந்த எட்டு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

இங்கே மெடிக்கல் பிரிவில் சார்ஜென்ட் மரியஅந்தோணி என்று ஒருவர். நம் விழுப்புரம் பக்கத்து முகையூர்க்காரர். ஞாயிறு பூசைக்கு அவரோடுதான் போகிறேன். மாதா கோயில் இதழை இங்கேயும் தபாலில் வரவழைத்து, கடைசிப் பக்க விளம்பரம் வரை படிக்கிறார். உன்னைப் போல ஒரு ஆள்.

தூக்கம்தான் இல்லை. பரீட்சை வாரத்தில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் முழித்திருந்தேன். மறுநாள் காலை டீ கிளாஸ் கையிலிருந்து தானாகத் துள்ளி விழுந்தது. கை ஒரு வெட்டு வெட்டியது. அடுத்த நாளும் அப்படியே. பக்கத்தில் இருந்தவன் மேலெல்லாம் டீ. எனக்கு 'டீ மாஸ்டர்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

உன் பைலட் தம்பி
ஜூட்


சேசு மரி சூசை

திண்டிவனம்
29.8.1994

ஜூட்,

நீ பறந்ததைப் படித்து அழுதேன். டீ கிளாஸைப் படித்ததும் அழுகை நின்றுவிட்டது.

தூக்கம் கெட்ட மறுநாள் காலையில் கை வெட்டுவது விளையாட்டு இல்லை. வலிப்பு திரும்பி வருவதற்கு முன் சிலருக்கு இப்படி வரும். வார்டில் பார்த்திருக்கிறேன். சிலருக்கு அது வெறும் அசதியாகவும் இருக்கும். எது என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. அங்கே டாக்டர்கள் இருக்கிறார்கள். போய்ச் சொல். சின்ன வயதில் வந்ததையும் சேர்த்துச் சொல்.

கீழே விழுந்தால் தூக்க ஆள் இருப்பார்கள். அங்கே மேலே யார் இருக்கிறார்கள்? மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா சொல்வதைக் கேள்.

இருதயமேரி


ஐதராபாத்
6.9.1994

அக்கா,

போய்ச் சொன்னால் அன்றைக்கே பெட்டி கட்ட வேண்டும். பொய் எழுதியதற்குத் தனியாக அவமானம். இரண்டு நாள் தூங்காத எவனுக்கும் கை நடுங்கும். அதன் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. நீ தினமும் நோயையே பார்த்துப் பார்த்து எல்லோரையும் நோயாளியாகப் பார்க்கிறாய்.

எனக்கு இருப்பது இது ஒன்றுதான். இதையும் பிடுங்கினால் நான் என்னத்துக்கு? இங்கிருக்கும் எந்த டாக்டருக்கும் எந்த ஆபீசருக்கும் எழுத மாட்டேன் என்று அம்மா மேல் சத்தியம் செய்து அனுப்பு. அதுவரை எனக்கும் சோறு இறங்காது.

ஜூட்


சேசு மரி சூசை

திண்டிவனம்
15.9.1994

அன்புத் தம்பிக்கு,

அங்குள்ள எந்த டாக்டருக்கும் எந்த ஆபீசருக்கும் எழுத மாட்டேன். அம்மா மேல் சத்தியம். போதுமா? ஒழுங்காகச் சாப்பிடு.

அம்மாவின் வேண்டுதலைத் தீர்த்துவிடலாம் என்று இருக்கிறேன். யூனிஃபார்மில் ஒரு போட்டோ அனுப்பு.

அக்கா


ஐதராபாத்
4.12.1994

அன்புள்ள அக்காவுக்கு,

என்னை அனுப்பிவிட்டார்கள். வியாழக்கிழமை ரயில் ஏறுகிறேன்.

நவம்பர் இதழில் என் போட்டோ வந்திருந்தது. அதைப் பார்த்து மரியஅந்தோணிக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊர்ப் பையன் என்று தம் டாக்டரிடமே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். டாக்டர் வடக்கத்திக்காரர். என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்லு என்று கேட்டிருக்கிறார். இவரும் ஒவ்வொரு வரியாக இந்தியில் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். 'சிறு வயதில் வலிப்பு நோயினின்று என் தம்பியைக் காத்து...' என்ற வரி வந்ததும் நின்றுவிட்டாராம்.

சாயங்காலம் என் ரூம் வாசலில் வந்து நின்றார். "தம்பி, படிச்சிக்கினே வந்தேன்பா. அந்த வார்த்தை வந்ததும் நாக்கு எழும்பல. அவரு விடமாட்டேன்னுட்டாரு. எம்மூட்டுப் புள்ளைக்கு நானே இப்டி பண்ணிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவரைத் தேற்றுவதே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது.

மறுநாள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். 'இல்லை' என்று இரண்டாம் தடவை எழுத எனக்குக் கை வரவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்லவில்லை, ஒரு வாரம் இருந்தது. அப்புறம் நீ டூட்டி விட்டு வந்து, கசங்கிய புடவையோடு உட்கார்ந்து, சந்தோஷமாக அந்த நாலு வரியை எழுதியிருப்பாய் என்று நினைத்துப் பார்த்தேன். அம்மாவின் நேர்த்தியை முடிக்கிற அவசரத்தில் உனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. பாசத்தில் செய்ததற்கு நான் என்ன சொல்ல? இதைப் பற்றி வீட்டில் பேச வேண்டாம். கோதண்டபாணி சாரிடம் அந்த ஃபைலை எடுத்து வைக்கச் சொல்.

ஜூட்


சேசு மரி சூசை

திண்டிவனம்
2.10.2011

அன்புத் தம்பி ஜூட்டுக்கு,

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குக் கடிதம் எதற்கு, கையில் செல்போன் இருக்கிறதே என்பாய். நேரில் என்றால் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். போனில் என்றால் நடுவில் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் மாதா பிறந்தநாளுக்கு நீங்கள் வந்திருந்தபோது உன் மகள் கிளாரா என்னிடம், "அத்த, நீங்க புக்ல போட்டதாலதான் அப்பா பைலட் ஆவலியா?" என்று கேட்டாள். நீதான் குறுக்கே வந்து, "அத்தைக்கு இன்னா தெரியும் பாவம். ஆசையில பண்ணிட்டாங்க. நீ போய் வெளாடு" என்றாய். பதினேழு வருஷமாக எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறாய். அக்கா சூதுவாது தெரியாதவள். இனி என்னால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியாது.

எனக்குத் தெரியும் ஜூட். தெரிந்துதான் செய்தேன்.

மரியஅந்தோணி அந்த இதழைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிறார் என்று நீ எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நன்றி அறிவிப்பை எழுதினேன். இதழ் ஆபீசில் இருந்த சிஸ்டர், "நோய்னு போட்டா போதாதாம்மா? பையன் வேலைல இருக்கான், எதுக்கு வலிப்புன்னு?" என்று கேட்டார்கள். வலிப்பு என்றே போடுங்கள் சிஸ்டர் என்றேன். டாக்டருக்கு எழுத மாட்டேன் என்றுதானே சத்தியம், மாதாவுக்கு எழுதலாம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொன்னேன். மன்னித்துவிட்டார். எனக்குத்தான் தீரவில்லை. அந்த மரியஅந்தோணி என்ன பாவம் செய்தார்? அவரையும் அழவிட்டேன்.

அன்றிலிருந்து உனக்கு வலிப்பு வரக் கூடாது என்று தினமும் ஒரு ஜெபமாலை சொல்கிறேன். வரவில்லை. டீ கிளாஸ்கூட அதன் பிறகு விழவில்லை. வெறும் அசதிதான் போலிருக்கிறது. ஒவ்வொரு வருஷம் நீ நல்லபடியாக இருக்க இருக்க, நான் உன்னை வீணாகத்தான் கீழே இறக்கினேன் என்பது உறுதியாகிக்கொண்டே வருகிறது. ஆனாலும் மறுநாள் மாலையை எடுத்தால் வரக் கூடாது என்றுதான் கேட்கிறேன். களைத்துப்போய்விட்டேன் தம்பி.

அதே நாள் திரும்பி வந்தால் அதையேதான் செய்வேன். அதற்கு மன்னிப்புக் கேட்டால் பொய்யாகிவிடும். உன்னை இத்தனை வருஷம் ஏமாற்றி, உன் கையால் நல்லவள் பட்டம் வாங்கிக்கொண்டு இருந்தேனே, அதற்குக் கேட்கிறேன். பதில் எழுதாவிட்டாலும் சரி. மாதா உன்னோடு இருக்கட்டும்.

இருதயமேரி


விழுப்புரம்
27.11.2011

அக்கா,

உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. நீ மூன்று தடவை போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. வேலையாக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன்.

ரயில்வே பார்சல் ஆபீசில் பைக்குக்குச் சாக்கு சுற்றுவதையும் பூக்கூடை எடை போடுவதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எப்போதாவது தாம்பரத்து விமானம் கூரைக்கு மேலே போகும். சத்தத்தை வைத்தே என்ன விமானம் என்று தெரியும். நிமிர்ந்து பார்ப்பதில்லை. என்னோடு சேர்ந்தவர்களில் ஒருவன் இப்போது விங் கமாண்டர். நான் இருந்திருந்தால் நானும் ஆகியிருப்பேன். ஒருநாளும் ஒன்றும் ஆகியிருக்காது, பத்திரமாக இறங்கியிருப்பேன். இல்லை என்று நீ சொல்லாதே. நீயும் சொல்லவில்லை, அது வரைக்கும் சரி.

கிளாராவின் அம்மாவிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "உங்க அக்கா பண்ணது துரோகம்தாங்க. ஆனா நம்ம கிளாரான்னா நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்றாள். ஒரு வாரம் அவளோடும் பேசவில்லை.

அப்போது உன்னை மன்னித்தது எனக்குச் சுலபமாக இருந்தது. தெரியாமல் செய்தவளை யார் வேண்டுமானாலும் மன்னித்துவிடலாம். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. இப்போது தெரிந்து செய்தவளை மன்னிக்க வேண்டும். முயன்று பார்த்தேன், இன்னும் முடியவில்லை. எத்தனை நாள் ஆகும் என்றும் தெரியவில்லை.

ஆனால் இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு இங்கே தனியாக உட்கார்ந்திருக்க எனக்கு இனித் தெம்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பாசஞ்சரில் வருகிறேன். அங்கே உன் எதிரிலேயே உட்கார்ந்து கோபப்படுகிறேன். இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறேன். தீராவிட்டால் இன்னும் இரண்டு நாள் போடுவேன்.

மீன் வாங்கி வைக்காதே. வாங்கினால் சாப்பிட்டுவிடுவேன்.

ஜூட்